விளையாட்டும் மருந்தாகுமா?



பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்களுக்குக் கணினி விளையாட்டு துணைசெய்யுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் மருத்துவர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தரே. ஆயினும், ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் குடும்பங்களில் முதியவர் ஒருவர் கட்டிலில் விழுந்துவிட்டால் இல்லமே நிலைகுலைவதை நீங்கள் அறிவீர்கள். ஆதலின், கற்றோர் ஆராய்ந்து கூறியவற்றைத் திரட்டி உங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அவ்விடத்து நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீள்வதில்லை. எனினும், பாலம் உடைந்தால் வண்டிகளைக் கிளைப்பாதை வழியே திருப்பி விடுவதுபோல, மூளையின் எஞ்சிய பகுதிகள் இழந்த வேலையை ஓரளவு ஏற்க வல்லன. ஆனால் அக்கிளைப்பாதை முழுதும் தானே அமைந்துவிடுவதன்று. ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்து பழகுவது அதற்குத் துணைசெய்யும்.

எத்தனை முறை? வட அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு பயிற்சி வேளையில் நோயாளிகள் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரி 32 மட்டுமே என்று கண்டது. விலங்குகளின் மூளையில் மாறுதல் உண்டாக்கிய சோதனைகளிலோ நாளொன்றுக்குப் பல நூறு அசைவுகள் செய்விக்கப்பட்டன. நோயாளி சோம்பலால் குறைத்துக்கொள்வதில்லை; சலிப்பும் ஒரு காரணமாகலாம். வெறுங்கையை நூறு முறை தூக்க எவருக்குத்தான் மனம் வரும்?

இங்கேதான் விளையாட்டு கைகொடுக்கிறது. 2006-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘வீ’ என்னும் கருவியை வெளியிட்டது. கையிற் பிடித்த கோலை அசைத்தால் திரையிலுள்ள மட்டை பந்தை அடிக்கும். 2010-இல் வந்த மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’ கோலும் இன்றி உடலசைவையே கண்டுகொண்டது. கண்களை மூடி அணியும் மெய்நிகர்க் கருவியோ, தாம் கடைத்தெருவில் நின்று பொருளெடுப்பதாகவே நோயாளியை உணரச் செய்கிறது. பயிற்சி ஆட்டமாகிறது, எண்ணிக்கையும் ஏறுகிறது.

அப்படியாயின் அக்கருவியை வாங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 141 நோயாளிகள் அதிற் பங்குகொண்டனர். வழக்கமான சிகிச்சையோடு, இரண்டு வாரங்களில் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு சாரார் ‘வீ’ ஆடினர். மறு சாரார் சீட்டாடினர், கட்டைகளை அடுக்கினர், பந்தெறிந்தனர். இரு சாராரின் கைகளும் தேறின. கருவியால் தனிச்சிறப்பு எதுவும் காணப்படவில்லை!

72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும் இதனை ஒட்டியே அமைந்தது: கைப்பயிற்சியில் இத்தகைய விளையாட்டு வழக்கமான பயிற்சியை வென்றுவிடவில்லை, ஆனால் அதனோடு சேர்த்துச் செய்து பயிற்சி நேரம் கூடினால் நன்மை இருக்கக்கூடும். அன்பர்களே, வேலை செய்வது திரையன்று. மனம் விரும்பிச் செய்யும் மறுபயிற்சியே.

அது நம் வீட்டிலேயே உண்டு. பல்லாங்குழியில் முத்தெடுத்துப் போடுவதும், சோழி உருட்டுவதும், சீட்டுப் பிரிப்பதும் விரல்களுக்கு நல்ல வேலையாகும். நாமோ அன்பின் மிகுதியால் அப்பாவுக்குச் சோறூட்டுகிறோம். சட்டைப் பொத்தானையும் நாமே இடுகிறோம். பயன்படாத கையை மூளை கைவிட்டுவிடும். அவரால் இயன்றதை அவரே செய்யட்டும், நேரமானால் ஆகட்டும். எந்த ஆட்டம், எவ்வளவு நேரம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. விழுந்த கையைப் பிடித்து இழுத்தல் ஆகாது. நின்று ஆடுவோர் அருகில் ஒருவர் துணை நிற்றல் வேண்டும்.

தாய்நாட்டில் திண்ணைக்கு நாலு பேர் வந்து அமர்வார்கள். மொழி தெரியாத இவ்வூரில் நம் முதியோருக்கு ஆட்டத்துக்கு எதிராளி இல்லை. ஆகவே நம் வேண்டுகோள் இதுவே: நம் குடியிருப்பில் அவ்வாறு படுத்திருப்போர் வீட்டிற்கு மாலைதோறும் ஒரு பிள்ளை முறைவைத்துச் சென்று ஒரு மணி நேரம் ஆடிவரட்டும். முறைப்பட்டியலைச் சங்கச் செயலாளர் இன்றே தொடங்குவாராக. முதற் பெயராக நம் இல்லத்துப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்க.