கண்ணேறா? முட்டையா?

பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையைத் தின்ற ஒரு பிள்ளைக்குச் சற்று நேரத்தில் உதடு வீங்கி, மேலெல்லாம் தடித்து, மூச்சு இரைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கண்பட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார்கள்; மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படியானால், அதே பந்தியில் உட்கார்ந்து அதே முட்டையைத் தின்ற மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் கண்படவில்லை? பகுத்தறிவுக்குச் சற்று வேலை கொடுத்துப் பாருங்கள்.

நோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தி, சிலருக்கு முட்டை, பால், வேர்க்கடலை, மீன் முதலிய ஆகாரத்தையே பகையென்று தவறாகக் கொண்டு போரிடுகிறது. இதில் முக்கிய வேலை செய்யும் ஐ.ஜி.இ. என்னும் பொருளை ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதிகள் 1966-ல் கண்டறிந்தார்கள். இதில் கண்ணேறுக்கு இடமெங்கே?

ஆகவே பெற்றோர்களே! ஆகாத பண்டம் இன்னதென்று டாக்டரிடம் அறிந்து, எழுதி, ஆசிரியரிடமும் சமையற்காரரிடமும் கொடுங்கள். முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு சத்துணவிலேயே இருக்கிறது. ஆசிரியர்களே! ஒரு வாய் தின்றால் என்னவென்று கட்டாயப்படுத்தாதீர்கள்; உயிரைக் குடிக்க ஒரு வாயே போதும்.

மூச்சு முட்டினால் பிள்ளையை நடக்க விடாதீர்கள். அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. டாக்டர் கொடுத்தது கையிலிருந்தால் தொடையில் போட்டு, உடனே 108-ஐ அழையுங்கள். இங்கிலாந்தில் 2017 முதல் பள்ளிக்கூடங்களே அவ்வூசியை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. நம் பள்ளிகளுக்கும் அது வேண்டுமென்று நாம் கேட்க வேண்டாமா?

கயிறு கட்டக் கழியும் கால்மணி நேரத்தில் பிள்ளை போய்விடும். பிறகு தலைவிதியென்று அழுது என்ன பயன்?