ஊரடங்கு இரவும் ஒரு சன்னலும்

திட்டக்குடியில் நடக்கும் இந்தப் பொழிவின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். செய்தி எழுதியதற்காகக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அதுக்கும் திட்டக்குடிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2000 அக்டோபர் 19 இரவு, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. பி.பி.சி. தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் வீட்டில் மேசைமுன் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசினார்கள். தாய், தகப்பன், மருமகப் பிள்ளை மூவரும் காயப்பட்டார்கள். ஒன்பது நாளைக்கு முன்புதான் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுப்பகுதியில் நடந்த வாக்கு மோசடியைப் பற்றி அவர் செய்தி கொடுத்திருந்தார். மருந்து வாங்கக்கூட யாரும் தெருவில் இறங்க முடியாத நேரம், சுற்றிலும் இராணுவக் காவல். அங்கே வந்து, சுட்டுவிட்டு, பத்திரமாகத் திரும்பிப் போக யாரால் முடியும்? கொலையாளி யார் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஊரடங்கிலேயே இருக்கிறது. மீதி விடையை எந்த நீதிமன்றமும் இன்றுவரை எழுதவில்லை.

2006 சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துவிட்டது என்றது இராணுவம். 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். படம் வெளிவந்ததும் வெடிகுண்டுக் கதை செத்தது. அதே மாதம் 24ஆம் தேதி காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இலங்கை போர் நடந்த நாடு என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் பகுதியில் மணல் கொள்ளைக்கும் காவல்துறைக்கும் இருந்த தொடர்பைத் தொலைக்காட்சியில் அம்பலப்படுத்தியவர் சந்தீப் சர்மா. பாதுகாப்புக் கேட்டு மனுவும் எழுதினார். 2018 மார்ச்சில் அவருடைய மோட்டார் சைக்கிள்மீது லாரி ஏறியது. 2020 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில், தமிழன் தொலைக்காட்சியின் இளம் செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். யுனெஸ்கோ 2024இல் தந்த கணக்குப்படி, உலகில் நடக்கும் செய்தியாளர் கொலைகளில் 85 விழுக்காடு தீராத வழக்குகளாகவே கிடக்கின்றன.

இப்போது திட்டக்குடிக்கு வருகிறேன். நான் சொன்ன நால்வரும் தலைநகரத்துப் பெரிய ஆசிரியர்கள் அல்லர், உள்ளூர் ஆட்கள். தலைநகர ஆசிரியருக்கு வாசலில் காவலாளி உண்டு, வழக்கு என்றால் வக்கீல் உண்டு. வெள்ளாற்று மணலைப் பற்றி இங்கே ஒருவர் எழுதினால், யாரைப் பற்றி எழுதினாரோ அவரோடு மறுநாள் காலை அதே டீக்கடையில் நின்றாக வேண்டும். எழுதியவர் வீட்டுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதெல்லாம் எதிராளிக்கு அத்துப்படி. பலருக்கு மாதச் சம்பளம்கூடக் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று வருவதுதான். கையில் அடையாள அட்டை இருந்தாலே அதிர்ஷ்டம். (நிருபர் என்று சொல்லி வசூலுக்கு வருகிறவர்களும் உண்டே என்பீர்கள். உண்டுதான். அவர்களை யாரும் கொல்வதில்லை. காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.)

உள்ளூர் நிருபர் எழுதும் செய்தியில் பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. 'நமது நிருபர்' என்றுதான் இருக்கும். ஆனாலும் அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். மிரட்டல் வந்து அவர் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகிற நாளில் தனியாக அனுப்பாதீர்கள். பத்துப் பேர் கூடப் போங்கள். ரசீது வாங்கும்வரை அங்கேயே இருங்கள்.