காண்ட்ராக்ட் தொழிலாளியின் தூக்கம் யாருக்குச் சொந்தம்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் சொல்வோம். போனஸ் கொடுத்தார்களா, பி.எப். பிடித்தார்களா என்று கேட்டாலும் சொல்வோம். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவோம். தூக்கத்தைக்கூடவா கோரிக்கையாக வைப்பது என்று நமக்கே ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்று கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணி ஷிப்ட். ஆலை வேன் ஊர் முக்கில் 4.30 மணிக்கு வந்து நிற்கும். ஐந்து நிமிஷம் பிந்தினால் வேனும் போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. ஆண்கள் 4 மணிக்கு எழுகிறார்கள். சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பவேண்டிய பெண் 3 மணிக்கே எழுகிறாள். பிற்பகல் 2 மணிக்கு ஷிப்ட் முடிகிறது. "ஆள் வரவில்லை, இன்னும் நாலு மணி நேரம் நில்" என்கிறான் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். மறுத்தால் நாளை வேலை இல்லை. 6 மணிக்கு வெளியே வந்து, வேன் நிரம்பும்வரை காத்திருந்து, ஊர் சேரும்போது இரவு 8. அதன்பின் அடுப்பு, பாத்திரம், பிள்ளைகள். பாயில் தலை சாய்க்க மணி 10. மறுபடி 3 மணிக்கு எழவேண்டும். ஆக, தூக்கம் 5 மணி நேரம்!

அந்தப் பெண்ணின் கணக்கில் 12 மணி நேர வேலைதான் ஏறும். ஆனால் முதலாளிக்காக அவள் வீட்டை விட்டு வெளியே இருந்தது 15½ மணி நேரம். மீதி 3½ மணி நேரத்துக்குக் கூலி இல்லை. மாதம் 26 நாள் என்றால் இது 91 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாக மாற்றிப் பாருங்கள்: மாதத்தில் 11 நாளுக்கு மேல் இனாம்!

"தூரத்தில் குடியிருப்பது உங்கள் இஷ்டம், அதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். இது யாருடைய இஷ்டம்? முன்பு பஞ்சாலைத் தொழிலாளி ஆலையைச் சுற்றியே குடியிருந்தான். சங்கு ஊதுவதைக் கேட்டு நடந்து போனான். இன்று ஆலையருகே வாடகை கொடுக்கக் காண்ட்ராக்ட் கூலி போதாது. ஆறு மாதத்துக்குப் பின் வேலை இருக்குமா என்று தெரியாதவன் எந்தத் தைரியத்தில் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு வருவான்? காண்ட்ராக்ட் முறைதான் இந்தத் தூரத்தை உண்டாக்குகிறது. நாற்பது ஊரிலிருந்து நாலு காண்ட்ராக்டர் மூலம் ஆள் வந்தால் அவர்கள் ஒன்றுகூடிப் பேசவும் முடியாது. முதலாளிக்கு அதிலும் லாபம்.

ஆலை வளாகத்துக்குள் தங்கவைத்தால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்த நம் சகோதரர்கள் தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் முழுநைட் முடித்தவன் படுக்கிறான். எந்த நேரமும் எழுப்பி வேலைக்குக் கூப்பிடலாம் என்ற வசதி முதலாளிக்கு.

வயல் வேலையிலும் இதே கதை. நடவுக்கும் அறுப்புக்கும் மேஸ்திரி ஆள் சேர்க்கிறார். இருட்டோடு சரக்கு வண்டியில் நின்றபடி பெண்கள் போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். கவிழ்ந்தால் நஷ்ட ஈட்டுக்கும் வில்லங்கம்.

தூக்கம் சோம்பேறித்தனமல்ல, தோழர்களே! வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் கண்ட முடிவு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும் மது குடித்தவனுடையதைப்போலத் தடுமாறும் என்று 1997-இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில்தான் நம்மை மிஷின் முன்னால் நிறுத்துகிறார்கள். விரல் போனால் "கவனக்குறைவு" என்று எழுதுகிறார்கள். அந்தக் கவனத்தைக் குறைத்தது யார்?

சரித்திரத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை. 1922-இல் அது 11 ஆயிற்று. 1934-இல் 10 ஆயிற்று. 1946-இல்தான் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு வந்தது. ஒவ்வொரு மணி நேரமும் போராடிப் பெற்றது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. பத்தே நாள்! ஒன்றுபட்ட குரலுக்கு அத்தனை பலம்.

ஆனால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கியிருக்கிறது. அவற்றில் நாளுக்கு 8 மணி நேரம் என்று இருக்கிறது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டைக் கூலி தரவேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் ஓய்வு உள்பட ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆலையில் பிடித்துவைக்கலாம் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 10½ மணி என்று வரம்பு கட்டியிருந்தது. இப்போது அது சர்க்காரின் அறிவிப்புக்கு விடப்பட்டிருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்பும் முன்பு 20 பேர் இருந்தாலே கிடைத்தது. இப்போது 50 பேர் வேண்டும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை 3 மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனவர், 2003-இல் வழியிலேயே விபத்தில் இறந்தார். "ஆலைக்குள் சாகவில்லையே" என்று வழக்காடினார்கள். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. வேலைக்குப் போகும் வழியும் வேலையோடு சம்பந்தப்பட்டதே என்பதுதான் சாரம். இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இதைச் சொல்கிறது. ஆனால் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தம் நிரூபிக்கப்படவேண்டும். வழியில் சாவது வேலையோடு சேர்ந்தது என்றால், வழியில் கழியும் நேரம் மட்டும் எப்படி வேலையோடு சேராமல் போகும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. வேனில் காத்திருக்கும் நேரத்துக்கும் பயண நேரத்துக்கும் படி வேண்டும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் குறைந்தது 12 மணி நேர இடைவெளி வேண்டும். ஷிப்ட் மாற்றத்தை ஒரு வாரம் முன்பே ஒட்டவேண்டும். மறுத்தவனை நிறுத்தக்கூடாது. நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி வேண்டும்.

இன்றிரவே ஒரு காரியம் செய்வோம். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். எழுந்த நேரம், வேன் வந்த நேரம், வேனின் நம்பர், வேலைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், வீடு சேர்ந்த நேரம் எல்லாவற்றையும் நாள் தவறாமல் எழுதுவோம். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். ஒரு மாதம் கழித்து எல்லா ஊர் நோட்டுகளையும் சங்கத்தில் ஒன்றாகக் கொண்டுவந்து வைப்போம். விபத்து நேர்ந்தால் அது சாட்சி. பேச்சுவார்த்தைக்குப் போனால் அதுவே நம் ஆயுதம். முதலாளி தன் கணக்கை வைத்திருக்கிறான். நம் கணக்கை நாம்தான் எழுதவேண்டும்.