49 வயதில் ஒரு நீலப் பொட்டு

குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுத வேண்டும், படத்தையும் நாமே போட வேண்டும் என்ற ஆசை, நாற்பதைத் தாண்டிய பலருக்கு உள்ளுக்குள் இருக்கிறது. வங்கியில் இருப்பார்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பார்கள், கணக்கு வாத்தியாராக இருப்பார்கள். "இத்தனை வருஷம் வேறு என்னவோ செய்துவிட்டோம். இனிமேல் போய் அ, ஆ-விலிருந்து ஆரம்பிப்பதா?" என்று தயங்குவார்கள். அப்படி ஆரம்பிக்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக மூன்று பேரை இன்று அழைத்து வந்திருக்கிறேன்.

முதல் ஆள் லியோ லியோனி. 1959இல் அமெரிக்காவில் 'லிட்டில் புளூ அண்ட் லிட்டில் எல்லோ' என்று ஒரு புத்தகம் போட்டார். நீலமாக ஒரு பொட்டு, மஞ்சளாக ஒரு பொட்டு. கதாபாத்திரங்கள் அவ்வளவுதான். கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. இருவரும் இணைபிரியாத தோழர்கள். ஒருநாள் நீலம் மஞ்சளைத் தேடி அலைந்து, கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருவரும் இறுகக் கட்டிக்கொள்கிறார்கள். இருவரும் பச்சையாகிவிடுகிறார்கள்! வீட்டுக்குப் போனால் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. நீ எங்கள் பிள்ளை இல்லை என்கிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள், நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாக. அழுது கரைந்த பிறகு பழையபடி நீலமும் மஞ்சளும் ஆகிறார்கள்.

இந்தக் கதை ரயிலில் பிறந்தது. லியோனி தன் பேரன் பேத்தியை நியூயார்க்கிலிருந்து கிரீனிச் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். சின்னப் பிள்ளைகள், ஒரு இடத்தில் உட்காருவார்களா? ஒரே ரகளை. தாத்தா தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே 'லைஃப்' பத்திரிகையின் பிரதி ஒன்று இருந்தது. அதில் நீலம், மஞ்சள், பச்சை நிறமிருந்த பக்கத்திலிருந்து வட்டம் வட்டமாகத் துண்டு கிழித்தார். பெட்டியை மடியில் படுக்க வைத்தார். மேடை தயார். இது சின்ன நீலம், இது சின்ன மஞ்சள் என்று சொல்ல ஆரம்பித்ததும் பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர்களும் காது கொடுத்தார்கள் என்பார் லியோனி. அப்போதைக்குச் சமாளிக்கச் சொன்ன கதை, வீட்டுக்குப் போனதும் மாதிரிப் புத்தகமாகி, பிறகு அச்சுக்கும் போனது. அவருடைய முதல் குழந்தைப் புத்தகம் அது. வயது 49.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் ஏதோ வானத்திலிருந்து வரம் இறங்கியது போலச் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துண்டு கிழித்த கை யாருடைய கை என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, ஜெனோவா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் லியோனி. இத்தாலியில் முசோலினி ஆட்சி யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்ட பிறகு, 1939இல் அமெரிக்கா வந்தார். பிலடெல்பியாவில் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை. 1948 முதல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையின் கலை இயக்குநர். தொழிலதிபர்கள் படிக்கும் பத்திரிகை அது. ஒரு பக்கத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது, எவ்வளவு இடத்தைச் சும்மா விடுவது என்பதே அன்றாட வேலை.

அந்தப் புத்தகத்தில் பள்ளிக்கூடம் வரும் பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் வரிசை வரிசையாகப் பொட்டுகள், ஒன்றும் அசையவில்லை. வகுப்பறை அவ்வளவுதான். பள்ளி விட்டதும் கட்டம் காணாமல் போகிறது, பொட்டுகள் தாவிக் குதிக்கின்றன. கரும்பலகையோ வாத்தியாரோ வரையாமலேயே ஒரு வகுப்பு நம் கண்முன் வந்துவிடுகிறது. இருபது வருஷம் விளம்பரமும் பத்திரிகைப் பக்கமும் அமைத்தவருக்கு அந்தச் சிக்கனம் கைவந்திருந்தது.

அடுத்தவர் எரிக் கார்ல். அமெரிக்காவில் பிறந்து, ஆறு வயதில் ஜெர்மனிக்குப் போய், ஹிட்லர் காலத்தையும் யுத்தத்தையும் பார்த்து வளர்ந்தவர். 1952இல், கையில் 40 டாலரோடு நியூயார்க் திரும்பினார். அப்போது அவர் போய்ப் பார்த்தது யாரைத் தெரியுமா? நம்முடைய லியோனியைத்தான். லியோனி கைகாட்டிவிட, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் கார்லுக்கு வேலை கிடைத்தது. பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநர். அங்கே ஒரு மருந்து விளம்பரத்துக்குச் சிவப்பாக ஒரு சிங்க இறால் படம் செய்தார். அதைப் பில் மார்ட்டின் என்ற எழுத்தாளர் பார்த்துவிட்டு, என் கதைக்குப் படம் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். 1967இல் வந்த 'பிரவுன் பேர்' அப்படிப் பிறந்ததுதான். மாத்திரைக்குப் போட்ட இறால் கரடியைக் கூட்டி வந்துவிட்டது!

இரண்டு வருஷம் கழித்து, 1969இல், அவரே எழுதி அவரே படம் செய்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' வந்தது. பசி அடங்காத கம்பளிப்புழுவின் கதை. இதன் பிறப்பைக் கேளுங்கள். காகிதக் கட்டில் துளைபோடும் கருவியால் விளையாட்டாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் புத்தகப்புழு தின்றது போல இருக்கிறது. அப்படியே ஒரு புழுவைக் கதாநாயகனாக்கினார். பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸ் அம்மாவுக்கு அந்தப் புழு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கம்பளிப்புழுவாக இருந்தால் என்ன என்று கேட்டார். பட்டாம்பூச்சி என்றார் கார்ல். கதை முடிந்துவிட்டது.

கதைதான் முடிந்தது, வேலை முடியவில்லை. திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய், வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு என்று புழு தின்கிறது. பக்கங்களும் அதற்கேற்ப அகலமாகிக்கொண்டே போக வேண்டும், பழத்துக்கு ஒரு துளை நிஜமாகவே இருக்க வேண்டும். குழந்தை விரலை விட்டுப் பார்க்கிற அளவுத் துளை. அமெரிக்காவில் கட்டுப்படியாகிற விலையில் இதை அச்சடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. ஜப்பானில் ஓர் அச்சகத்தைப் பெனடியூஸ் கண்டுபிடித்தார். மொத்தமே இருநூற்றுச் சொச்சம் சொற்கள். ஆனால் காகிதம், வெட்டு, அச்சுச் செலவு எல்லாம் தெரிந்த ஆளின் மனதில்தான் அப்படி ஒரு புத்தகம் உதிக்கும்.

ஆசை இருக்கிறவர்களுக்கு ஒரு கைவேலை சொல்லட்டுமா? எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின் அடியுங்கள். 32 பக்கம். படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அச்சகத்தின் பெரிய தாளை மடித்தால் பதினாறு பதினாறாகப் பக்கம் விழுவதே காரணம். தலைப்புக்கும் பதிப்புரிமைக்கும் போக, கதைக்கு மிஞ்சுவது பதின்மூன்று பதினான்கு இரட்டைப் பக்கங்கள். உங்கள் கதையைப் பென்சிலால் அதில் பிரித்து எழுதிப் பாருங்கள். எங்கே பக்கம் திருப்பும்போது பிள்ளைக்கு 'அப்புறம்?' என்று கேட்கத் தோன்றுகிறதோ, அங்கே கதை இருக்கிறது. வேறு எங்கெல்லாம் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம் என்பதும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பாதிச் சொற்களைப் படம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாக்கியம் நமக்குப் பிடித்தது என்பதற்காகக் காப்பாற்றக் கூடாது.

படம் போடுவதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. ஒரு கழுதைக்குட்டியை ஒருமுறை வரைவது சுலபம்; அதே குட்டியை, அதே சாயலில், இருபது இடத்தில் வரைய வேண்டும். மூன்றாமவரான வில்லியம் ஸ்டெய்க்குக்கே இது அலுப்புத் தட்டிய வேலை. 1930 முதல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டவர் அவர். குழந்தைப் புத்தகத்துக்கு வந்தபோது வயது அறுபது. சக கார்ட்டூனிஸ்ட் ஒருவர் பதிப்பகம் தொடங்கி, நீங்களும் எழுதுங்களேன் என்று நச்சரித்ததில் வந்தார். மறுவருஷம் 'சில்வெஸ்டர்' என்ற கழுதையின் கதை. அதற்கு 1970இல் அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அதில் போலீஸ்காரர்களைப் பன்றியாக வரைந்துவிட்டார் என்று போலீஸ் சங்கம் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டுமா? பிழைப்புக் கணக்கு பார்க்காமல் யாரையும் இதில் தள்ளிவிட நான் தயாரில்லை. லியோனி முதல் புத்தகம் போட்டபோது 'ஃபார்ச்சூன்' சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அதன் பிறகே வேலையை விட்டு இத்தாலிக்குத் திரும்பினார். நம் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் குழந்தைக் கவிஞர் என்று பெயரெடுத்தார். ஸ்டெய்க்குக்கோ அவசரமே இருந்ததில்லை. 'ஷ்ரெக்' என்ற பச்சை அரக்கனின் கதையை அவர் வெளியிட்டது 1990இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. அது சினிமாவாக வந்தபோது அவருக்கு வயது 93.