கடல் கடந்த கல்வித் தொண்டு

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஆழ்வார்திருநகரியில் நடைபெற்ற கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாடுகளில் தொண்டர்கள் மாணவர்களுக்கு எழுத்தறிவும் தலைமைப் பண்பும் ஊட்டிய வரலாற்றைப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குக் கடல் கடந்த கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கற்பதற்காக நெடுந்தொலைவு செல்வது இவ்வூருக்குப் புதிதன்று. அயோத்தியில் இருந்த மதுரகவியாழ்வார் தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதனைத் தொடர்ந்து இவ்வூர்ப் புளியமரத்தடிக்கு வந்து, தம்மினும் வயதிற் குறைந்த நம்மாழ்வாருக்கு மாணவரானார் என்பது வைணவ மரபு. அந்தணரான அவர் ஆசிரியரின் குலத்தைக் கேட்கவில்லை. அத்தகைய வரலாற்றைக் கொண்டாடும் சமுதாயத்திலேயே கோயிலும் பள்ளிக்கூடமும் நம் முன்னோர்க்கு நெடுங்காலம் மூடியிருந்தன என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. கதவு மூடியிருந்ததால்தான் நம்மவருட் பலர் கப்பலேறினர். ஆகவே கடல் கடந்த கல்வியின் கதை நமது குடும்பக் கதையேயாகும்.

1914ஆம் ஆண்டு தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும்வரை, இலங்கைக்குச் செல்வோரின் முக்கியத் துறையாக நமது தூத்துக்குடி விளங்கியது. கப்பலேறுவதற்கு முன் கூலியாட்களைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்வதற்காகத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. அவ்வழியே தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தோரே. அங்கே அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது வைத்தது. ஆயினும் பிள்ளை படித்து விட்டால் கொழுந்து பறிக்க ஆள் ஏது என்று எண்ணிய நிருவாகங்கள் அதனைப் பெயரளவில் நிறைவேற்றின. லயத்தின் ஒரு கோடியில் ஓர் அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒன்றாக. இதுவே பெரும்பாலான தோட்டப் பள்ளிகளின் நிலை. 1945இல் இலங்கை முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றது.

எழுத்தறிவு இல்லாமையின் விலை என்ன என்பதை அம்மக்கள் 1948இல் கண்டனர். அவ்வாண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த மற்றொரு சட்டம், தக்க சான்றுகளோடு விண்ணப்பித்தால் குடியுரிமை பெறலாம் என்றது. ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களிடம் பிறப்புச் சான்று கேட்டார்கள், தங்கியிருந்த சான்று கேட்டார்கள். கையில் தேயிலைக் கறை இருந்தது, காகிதம் இல்லை. சட்டமே அநீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் படிவத்தைத் தானே படித்து, மறுப்பாணைக்குத் தானே மறுமொழி எழுதக்கூடிய ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருந்திருந்தால், இத்தனை பேரின் வழக்கு இவ்வளவு எளிதாகத் தோற்றிருக்குமா?

அத்தகையோரை உருவாக்க முயன்ற தொண்டர்கள் இல்லாமலில்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாக வேடமிட்டுச் சென்று தொழிலாளரைச் சந்தித்தார். எளிய தமிழில் சிறு நூல்கள் வெளியிட்டார். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கும் உரிமை விளங்கும்படி பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். பின்னாளில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம், வகுப்பில் பாடம் சொன்னதோடு நில்லாமல் மலையக இளைஞர்களை அமைப்பாகத் திரட்டினார். எழுத்தைக் கற்பிப்பதும் எழுந்து நிற்கக் கற்பிப்பதும் ஒரே தொண்டின் இரு கைகள் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி மலேயாவுக்கு வருவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள் அங்கே ரப்பர்க் காடுகளை உருவாக்கினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகளிற் பலவற்றில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியரானார். 1957இல் அந்நாடு விடுதலை பெற்றபோது 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியுள்ளவை 500க்குச் சற்று மேல். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வியை முடித்த பிள்ளை, மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும்போது தடுமாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வீடும் பள்ளியும் ஒருங்கே போயின. நகரத்து ஓரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டனர்.

இந்நிலையில் 1982இல், மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த டாக்டர் எம். தம்பிராஜா, பல்கலைக்கழக மாணவர்களைத் துணைக்கொண்டு ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தோற்றுவித்தார். அதில் பாடம் நடத்த வந்தோர் பெரும்பாலும் தொண்டர்களே. பாடத்தோடு தன்முனைப்பு முகாம்களும் நடத்தினர். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என ஒன்று வகுத்து, தேர்வெழுதும் மாணவர்களையும் பெற்றோரையும் ஒருசேர நடக்கவைத்தனர். நேர்த்திக்கடனுக்காக நடந்து பழகிய கால்களைக் கல்விக்காக நடக்கவைத்த அந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றோருக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் பிள்ளையின் படிப்பில் பங்குண்டு என்பதை அறிவுரையால் அன்றி நடையால் உணர்த்தினர். அங்கே படித்துத் தேறியவர்களுட் பலர் மறுபடி அங்கேயே பாடம் சொல்ல வந்தனர் என்பதுதான் நமது சங்கம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

அதற்கு முன்பே, 1950களில், கோ. சாரங்கபாணி அவர்கள் தமது தமிழ் முரசு நாளிதழில் மாணவர்க்கெனப் பக்கம் ஒதுக்கி, மாணவர் மணிமன்றம் என்னும் இயக்கத்தை வளர்த்தார். எழுதிப் பழகிய பிள்ளைகள் ஊர்தோறும் மன்றம் கூட்டினர், மேடையேறிப் பேசினர், நிகழ்ச்சிகளைத் தாமே நடத்தினர். அவ்வாறு பழகியவர்களிலிருந்து அந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பொதுத் தொண்டர்களும் தோன்றினர். பதவி வந்தபின் தலைமைப் பண்பு வருவதில்லை. கூட்டத்தில் எழுந்து நான்கு வார்த்தை பேசிய அன்றே அது தொடங்கிவிடுகிறது.

தமிழர் அல்லாதாரிடமிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்றொரு தீவு. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால்தான் வாக்காளராகப் பதிவு பெறலாம் என்பது விதி. படிக்கப் பள்ளி தராதவர்களே படிப்பைக் கேட்டார்கள்! தீவிலிருந்து நகரத்திற்குத் தொழிலாளரைப் பேருந்தில் ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸ், ஓடும் பேருந்திலேயே சட்டப் பகுதியைக் கற்பித்தார். நாற்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த செப்டிமா கிளார்க் அம்மையார், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956இல் வேலை இழந்தவர்; அவர் துணை நின்றார். 1957 சனவரியில், கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில், வெள்ளையர் கண்ணில் படாதவாறு முதல் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் யார் தெரியுமா? கூந்தல் ஒப்பனைத் தொழில் செய்த பெர்னிஸ் ராபின்சன் என்னும் பெண்மணி. தாம் ஆசிரியர் அல்லர் என்றும், எல்லோரும் சேர்ந்து கற்போம் என்றும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். குழந்தைப் பாடநூலை அவர் திறக்கவில்லை. அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அதன்மேல் விரலோட்டிப் பழகச் செய்தார். மணியார்டர்ப் படிவம் நிரப்பக் கற்பித்தார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதைப் படித்துவிட வேண்டும் என்றார். இத்தகைய குடியுரிமைப் பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் பரவின. கற்றவர் அடுத்த ஊரில் கற்பித்தார். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அவர்கள் வழியே லட்சக்கணக்கான வாக்காளர்களும் உருவாயினர்.

இவ்வரலாறுகளிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. கற்பிப்பவர் கற்பவரின் வாழ்வை அறிந்தவராக இருக்க வேண்டும். பட்டம் அதற்கு அடுத்ததே. பாடம் கற்பவரின் தேவையிலிருந்து எழ வேண்டும். கற்றவர் கற்பிக்கத் திரும்ப வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொண்டு தருமமாகச் சுருங்கிவிடும். தருமம் பெறுபவர் தலை குனிகிறார்; தொண்டில் பங்கு பெறுபவர் தலை நிமிர்கிறார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் தம் வாழ்வைத் தாமே நடத்தும் துணிவு பெற்றனர். ஆனால் இயக்கம் முடிந்து தொடர்கல்வி தளர்ந்த ஊர்களில் கற்ற எழுத்தும் மறந்தது. கொரோனாக் காலத்துக்குப் பின் 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே எழுந்தது. அரசின் திட்டத்திற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. சமுதாயத்தின் தொண்டுக்கு முடிவு நாள் இருத்தலாகாது.

சிறுவர்க்குத் தலைமைப் பயிற்சி எதற்கு, அது அரசியலில் கொண்டுபோய்விடும், படித்து ஒரு வேலைக்குப் போனால் போதாதா என்று நம்மவரே கேட்கின்றனர். பிள்ளை நல்லபடி கரையேற வேண்டும் என்ற பெற்றோரின் அச்சத்திலிருந்து பிறந்த கேள்வி அது. அதனை நாம் இகழவில்லை. எனினும் பள்ளியில் அன்றாடம் காண்பதைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வந்தும் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. நன்றாகப் படித்தும், உதவித்தொகை வரவில்லை என்று அலுவலரிடம் கேட்க நாவெழாத பிள்ளையும் இருக்கிறது. முதற் பிள்ளைக்கு எழுத்து வேண்டும். இரண்டாம் பிள்ளைக்குக் குரல் வேண்டும். குரலற்ற படிப்பு, சாதிச் சான்றிதழுக்காகவும் வங்கிப் படிவத்துக்காகவும் பிறர் வாசலில் காத்து நிற்கும். அண்ணல் அம்பேத்கர் 1942இல் நாகபுரியில் நம் மக்களுக்கு இட்ட மூன்று கட்டளைகளில் கல்வி முதலாவது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை என்பதை நினைவிற்கொள்வோம்.

இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கத்தின் உதவியால் படித்துத் தேறிய ஒவ்வொருவரும் ஓராண்டுக் காலம் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை நம் மாலை வகுப்புக்கு அளிக்க வேண்டும். சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்போர் விடுமுறையில் வரும்போது பத்து நாளேனும் வகுப்பெடுக்கலாம். பணம் அனுப்புவோர்க்கு நன்றி. ஆனால் தன் தெருவிலிருந்து கப்பலில் பொறியாளராகச் சென்ற அண்ணன் முன்னால் நின்று கணக்குச் சொல்லும்போது பிள்ளைக்கு வரும் நம்பிக்கையைப் பணவிடையில் அனுப்ப இயலாது.

இரண்டாவது, எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு மாணவரும், மாணவியும், இ-சேவை விண்ணப்பத்தையும் வங்கிப் படிவத்தையும் தாமே நிரப்பவும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனுவைப் பிழையின்றி எழுதவும் பயிற்சி பெற வேண்டும். அந்த மாலையில் தாய்மாரும் உடன் அமரட்டும்.

மூன்றாவது, மாலை வகுப்பின் வருகைப் பதிவையும், நூலகத்தையும், சிறு செலவுக் கணக்கையும் மாணவர் குழுவிடம் ஒப்படைப்போம். குழுவில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். மாதம் ஒரு கூட்டம். அதற்கு ஒரு குறிப்பேடு. கணக்கில் இரண்டு ரூபாய் இடித்தாலும் எழுந்து கேட்கும் உரிமை எல்லோர்க்கும் இருக்கட்டும். பத்து வயதில் கணக்குக் கேட்கப் பழகியவர் நாற்பது வயதில் ஊராட்சிக் கூட்டத்தில் மௌனமாக இரார்.

சங்க அலுவலகத்தில் உதவி பெற்றோரின் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அதன் அருகில் இன்று இன்னொரு பதிவேடு திறக்கப்படட்டும்: திரும்பி வந்து கற்பித்தோர் பதிவேடு. பொன்விழாக் காணும் நாளில் முதற் பதிவேட்டிலுள்ள பெயர்கள் இரண்டாவதிலும் இருக்கின்றனவா என்பதைக் கொண்டே நம் சங்கத்தை வருங்காலத்தார் மதிப்பிடுவர்.

தூத்துக்குடித் துறையில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோர்க்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.