இமைக்குள்ளே 27!

மனிதனுக்குப் பெருந்தொல்லை தருவது மறதியா, அலட்சியமா என்பது தலைப்பு. மறதியே என்று முழங்கிய எதிரணித் தலைவர், நடுவர் பெயரையே மறந்துட்டார். அதனாலே யாருக்கு என்ன நஷ்டம்? (சிரிப்பு)

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் சோலிஹல்னு ஓர் ஊர். அங்கே 67 வயசு அம்மா ஒருத்தர் கண்புரை ஆபரேஷனுக்கு வந்தாங்க. 35 வருஷமா கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க. மாசத்துக்கு ஒண்ணு போட்டுத் தூக்கி எறியற லென்ஸ். மரத்துப்போக ஊசி போடும்போது, மேல் இமைக்குள்ளே இருந்து நீலமா ஏதோ எட்டிப் பார்க்குது. எடுத்துப் பார்த்தால் 17 லென்ஸ், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு! மறுபடி தேடினால் இன்னும் 10. ஒரே கண்ணில் 27! 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சேதி இது.

ஒரு லென்ஸை விட்டால் மறதி. சரி, ஒத்துக்கறேன். 27-க்கு என்ன பேர் ஐயா? கண் உறுத்தாமலா இருந்தது? உறுத்தியது. ‘வயசாச்சு, கண் வறண்டு போச்சு’ன்னு இருந்துட்டாங்க. ஒழுங்காகப் பரிசோதனைக்கும் போகவில்லை. அங்கே அந்த அம்மா தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. நம்ம வீட்டில் பாட்டி ‘கண்ணு கரகரங்குதுடா’ன்னா, பாட்டிக்கு அந்தச் சிரமம்கூட வைக்கறதில்லை, ‘வயசானா அப்படித்தான்’னு நாமே சொல்லிடறோம்! (கைதட்டல்)

லென்ஸ் நழுவி மூளைக்குப் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். இமையின் உள்தோலே மடங்கி விழியின் மேலே படர்ந்திருக்கு. அதைத் தாண்டிப் போக வழியில்லை. அந்த மடிப்பில்தான் ஒளிஞ்சுக்கும். டாக்டர் இமையைப் புரட்டிப் பார்க்க வேணும். அதுக்கு நாம போகணுமே!

மறதிக் கதையும் உண்டு. 2018-ல் பிரிட்டனில் இருந்து வந்த சேதி. 42 வயசுப் பெண்ணுக்கு இமையில் கட்டி. அறுத்தால் உள்ளே லென்ஸ்! 14 வயசில் பாட்மின்டன் ஆடும்போது இறகுப்பந்து கண்ணில் அடிச்சிருக்கு. லென்ஸ் விழுந்து தொலைஞ்சதுன்னு நினைச்சு 28 வருஷம். அந்தப் பெண்ணுக்கு நினைவே இல்லை. ஞாபகம் வச்சிருந்தது யார்? அவங்க அம்மா! மறதிக்கு வீட்டில் ஒரு அம்மா போதும். அலட்சியத்துக்கு?

சோலிஹலில் கிருமி தொற்றும் அபாயம்னு ஆபரேஷனையே தள்ளிப் போட்டாங்க. இரண்டு வாரம் கழிச்சு வந்த அந்த அம்மா, ‘கண்ணு இப்போ எவ்வளவோ சுகமா இருக்கு’ன்னாங்களாம். நடுவர் கை மணிக்குப் போகுது.