ஸ்காட்லாந்து மலைப்பாதையில் கற்ற பாடம்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்காட்லாந்தில் நாங்களே கார் ஓட்டிச் சென்ற அனுபவத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். அங்கும் நம்மைப் போல் இடது பக்கம்தான். சுற்றுலா செல்பவருக்கு இந்திய லைசென்ஸ் ஓராண்டு வரை செல்லும். ஆகவே எழுபதைத் தாண்டிய நானே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரி, கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாக, 1995-ல் திறந்த பாலத்தைக் கடந்து ஸ்கை தீவை அடைந்தோம். 2004 டிசம்பரிலிருந்து அந்தப் பாலத்தில் சுங்கம் கிடையாது. அங்குள்ள கரும்பாறைகள் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த எரிமலைக் குழம்பு. நம் தக்காணப் பாறையின் ஜாதிதான். ஜூனில் இரவு பத்துக்கு மேல்தான் அஸ்தமனம். சந்தியாவந்தனத்துக்கு நான் கடிகாரத்தைப் பார்க்க, "சூரியனைப் பாருங்கோ" என்றாள் என் மனைவி.

தீவின் உட்சாலைகள் ஒரு வண்டி அகலமே. ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் உண்டு. ஒரு வளைவில் எதிரே வேன் வந்தது. ஒதுங்குமிடமோ எனக்குப் பின்னால். ரிவர்ஸ் எடுக்கக் கழுத்து திரும்பவில்லை. ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வேன்காரர் கோபிக்கவில்லை. அவரும் என் பெண்ணும் தள்ளி ஏற்றினார்கள்.

"அப்பா, நான் ஓட்டட்டுமா?" என்றாள் பெண். சாவியைக் கொடுத்தேன்.

ஒதுங்குமிடம் எதிரே வருபவருக்கு மட்டுமல்ல. பின்னால் வேகமாக வருபவருக்கும் அங்கே வழிவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதைப் படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. பின் ஸீட்டில் உட்கார்ந்த பிறகே மலைகளை நிம்மதியாகப் பார்த்தேன்.